வலியைத் தமிழில் விளக்கிய மருத்துவர்

மூன்று கோடைகளுக்கு முன், ஒரு சித்திரை மாத நள்ளிரவில் என் வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி, அரை மணி நேரத்துக்குள் என்னைப் படுக்கவும் விடாமல் நிற்கவும் விடாமல் செய்தது. சிறுநீரகத்திலிருந்து இறங்கிய கல் ஒன்று சிறுநீர்க் குழாயில் சிக்கியிருக்கிறது என்பது விடிவதற்குள் தெரிந்துவிட்டது. நாவலூரில் எங்கள் குடியிருப்பிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்துவிட்டால் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. வலியை அடக்க ஓர் ஊசி போட்டார்கள். இருபது நிமிடத்தில் மீண்டும் மனிதனானேன். மறுநாள் லேசர் கொண்டு கல்லைப் பொடிக்கலாம் என்று முடிவாயிற்று.

அறுவைக்கு முன் காத்திருக்கும் அறையில் எனக்கு அடுத்த கட்டிலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படுத்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், சாலையோர மென்பொருள் வளாகம் ஒன்றில் வாயிற்காவலர். பகல் முழுவதும் வெயிலில் நின்று, நீர் குறைவாகக் குடித்து, உடல் நீரெல்லாம் வியர்வையாகப் போய்விடும் வேலை. கல் உருவாக இதைவிட ஏற்ற தொழில் வேறில்லை. எங்கள் இருவர் கையிலும் ஒரே படிவத்தைக் கொடுத்தார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை நீக்குவதற்கான ஒப்புதல் படிவம். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துக் கையெழுத்திட்டேன். அவர் படிக்காமல் கையெழுத்திட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டார்.

ஒரு பொருளியல் பேராசிரியர் இதற்கு என்ன விடை சொல்ல முடியும்? ஆனால் படிவத்தைப் படித்தவன் நான். சொல்ல முயன்றேன். மயக்க மருந்து என்று தொடங்கினேன். அப்படியானால் நினைவு போய்விடுமா என்று கேட்டார். போகாது, உணர்வு மட்டும் போகும் என்றேன். அவர் முகம் மேலும் வெளிறியது. உணர்விழப்பு, தண்டுவடம், தற்காலிகம் என்று முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் பேசிய என் தமிழ், அந்தக் கட்டிலருகே ஒன்றுக்கும் உதவவில்லை. அவ்வழியே வந்த செவிலியர் ஒருவர்தான் அவரைக் காப்பாற்றினார். சம்மணமிட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது அல்லவா, அதுபோல இரண்டு மூன்று மணி நேரம் மரத்துப்போகும், பிறகு தானே தெளியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். காவலர் கண்களை மூடிக்கொண்டார்.

அன்று முதல் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் மனிதர், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழில் நூல்களாக்கி, தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கியவர். ஈழத்தவருக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கவிஞர் அம்பி 1967இலேயே ‘கிறீனின் அடிச்சுவடு’ என்று தனி நூல் எழுதிவிட்டார். தமிழ்நாட்டில்தான் அந்தப் பெயர் அறிவியல் தமிழ்க் கருத்தரங்குகளின் எல்லையைத் தாண்டி வரவில்லை.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஒருவர். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். சிதறிக் கிடந்த நகராட்சிகளை இணைத்து 1898இல் இன்றைய நியூயார்க் மாநகரம் பிறக்க வழிசெய்தவர். ஒரே வீட்டிலிருந்து ஒருவர் ஒரு மாநகரைக் கட்டப் போனார்; இன்னொருவர் பனைமரங்களுக்கிடையே ஒரு கிராமத்துக்கு வந்தார்.

இளையவர் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். அவர் மாணவராக இருந்தபோது அறுவைக்கூடத்தில் மயக்க மருந்து என்ற ஒன்று இல்லை. நோயாளியைக் கட்டிப்போட்டும், உதவியாளர் நால்வர் அமுக்கிப் பிடித்தும்தான் வெட்டினார்கள். சாராயமும் அபினும் கொஞ்சம் துணை நின்றன. மீதியை நோயாளியின் பல்லும் கடவுளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நாளில் கல்லுக்கான அறுவை என்றால் சிறுநீரகத்தில் செய்வது அன்று. சிறுநீரகத்தை அன்றைக்கு எவரும் தொடத் துணியவில்லை. நீர்ப்பையில் தங்கிய கல்லைத்தான் அறுத்து எடுத்தார்கள். மனித குலத்தின் மிகப் பழைய அறுவைகளில் இது ஒன்று. நம் சுஸ்ருத சம்ஹிதையில் இதன் செய்முறை இருக்கிறது. அறுவைக்கு முன் நோயாளிக்கு மது கொடுக்கும் வழக்கமும் அந்நூலில் உண்டு. கிரேக்கத்து ஹிப்போகிரட்டிஸ் பெயரால் வழங்கும் உறுதிமொழியோ, கல்லுக்காக அறுப்பதை மருத்துவர் கைக்கொள்ளலாகாது, அதில் தேர்ந்தவரிடம் விட்டுவிட வேண்டும் என்கிறது. லண்டனின் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1658 மார்ச் 26ஆம் நாள் மயக்க மருந்து ஏதுமின்றி இந்த அறுவைக்கு உள்ளாகி உயிர் பிழைத்தார். பிழைத்த நாளைப் பிறந்தநாள்போல ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் செசல்டன் என்ற லண்டன் மருத்துவர் ஒரு நிமிட அளவில் கல்லை வெளியே எடுத்துவிடுவார் என்பதே அவர் பெற்ற பெரும் புகழ். வலி இருக்கும் இடத்தில் நிதானத்துக்கு இடமில்லை. அறுவை மருத்துவரின் திறமையைக் கடிகாரம்தான் அளந்தது.

கிறீன் பட்டம் பெற்ற மறு ஆண்டு, 1846 அக்டோபர் 16ஆம் நாள், அவர் பிறந்த ஊரிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். ஜான் காலின்ஸ் வாரன் அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தெடுத்தார். நோயாளி அலறவில்லை. செய்தி கப்பலேறி 1847 மார்ச்சுக்குள் கல்கத்தாவை அடைந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். இந்த இரண்டுக்கும் நடுவே, 1847இல்தான் கிறீன் பாஸ்டனிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பழைய முறையில் பயின்று, புதிய முறையைக் கையில் எடுக்க நேர்ந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

அமெரிக்க இலங்கை மிஷன் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தது. பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் மருத்துவம் பார்த்தார். அவர் 1836இல் சென்னைக்கு மாறினார். கிறீன் வட்டுக்கோட்டையில் தொடங்கி, 1848இல் மானிப்பாயில் தம் மருத்துவமனையையும் மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இன்றும் அங்கே கிறீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இலேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்துக்கொண்டால், மானிப்பாய்ப் பள்ளி அளவில் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அரசின் கல்லூரிக்கு முன்னால் அது ஒரு திண்ணைப் பள்ளி.

அவர் மதம் பரப்ப வந்தவர். இதை மறைத்து அவரை வெறும் தமிழ்த் தொண்டராக்குவது அவருக்கே பிடித்திருக்காது. ஆனால் மதம் மாறுகிறவன் தன் உடையையும் உணவையும் பழக்கங்களையும் மாற்றிக்கொண்டு அரை ஐரோப்பியனாக வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. அப்படி ஆவதைக் கண்டு வருந்தினார். அதே மனப்பாங்குதான் மருத்துவத்திலும். ஊர்க்காரன் கையில் போய்ச் சேராத மருத்துவத்தை அவர் மருத்துவமாகவே கருதவில்லை.

தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். வேறு வழியில்லை; நூல் ஏதும் தமிழில் இல்லை. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்ற இளைஞர்கள் கிடைத்தார்கள். கூடவே தமிழைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பையும் தொடங்கிவிட்டார். 1852இல் கால்வின் கட்டரின் உடற்கூற்று நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற நீண்ட பெயரில் வெளிவந்தது. உடலின் அமைப்பு, இயக்கம், அதைப் பேணும் முறை என்ற மூன்றையும் அப்பெயர் சுமக்கிறது. 1857இல் ‘பிரசவ வைத்தியம்’. பத்தாண்டுப் பணிக்குப் பின் தாயகம் சென்று, 1862இல் மணம் முடித்துக்கொண்டு மனைவியோடு திரும்பி வந்தார்.

திரும்பி வந்தபின் அவர் செய்த காரியம்தான் என்னைப் போன்ற பொருளியல்காரனை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. 1864இல் மானிப்பாய்ப் பள்ளியின் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். மொழிப்பற்று மட்டும் இதற்குக் காரணமன்று; அவருக்குத் தமிழ் தாய்மொழியுமன்று. தம் முதல் பத்தாண்டின் விளைச்சலை அவர் கணக்குப் பார்த்தார். ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் தேர்ச்சி பெற்றதும் அரசு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். சம்பளமும் மதிப்பும் அங்கே இருந்தன. மானிப்பாயைச் சுற்றியிருந்த கிராமங்களில் பேதியும் காய்ச்சலும் வந்தவர்களுக்கு மருத்துவர் எவரும் மிஞ்சவில்லை. தமிழில் பயின்றவன் ஊரை விட்டு ஓடமாட்டான் என்பது கிறீனின் கணக்கு.

கேரி பெக்கர் என்ற பொருளியல் அறிஞர் 1964இல், சரியாக நூறாண்டு கழித்து, மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் கோட்பாடாக்கினார். எங்கும் செல்லுபடியாகும் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் செலவு செய்தால், பயன் வேறு இடத்துக்குப் போய்விடும். ஓர் இடத்துக்கென்றே அமைந்த பயிற்சி அங்கேயே தங்கும். நான் இந்தப் பாடத்தை எத்தனையோ ஆண்டுகள் ஆலைத் தொழிலாளரை எடுத்துக்காட்டாக வைத்து நடத்தினேன். கிறீனைத் தெரிந்திருந்தால் மானிப்பாயை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருப்பேன்.

இந்தக் கணக்கில் ஒரு கடுமையும் இருக்கிறது. மாணவனின் வாய்ப்பைச் சுருக்கித்தான் கிராமத்தின் வாய்ப்பை அவர் விரித்தார். மேலே போகும் ஏணியை எடுத்துவிட்டு ஒருவனை ஊரில் இருத்துவது நியாயமா என்று இன்றைய பெற்றோர் எவரும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் அன்றும் பிள்ளைகள் ஆங்கிலப் படிப்பைத்தான் தேடினார்கள். ஒருவேளை அவருடைய கணக்கின் மிகப்பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது: எந்தச் சமூகமும் தன் பிள்ளைகளை இரண்டாம் தரச் சந்தைக்கென்று மனமுவந்து வளர்ப்பதில்லை. 1870இல் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியதும் காற்று எந்தப் பக்கம் வீசும் என்பது தெளிவாகிவிட்டது.

ஆனால் அதற்கிடையே அவர் செய்து முடித்ததைப் பாருங்கள். 1867இல் ‘இரண வைத்தியம்’. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’. 1875இல் ‘கெமிஸ்தம்’. மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். சாப்மன், டான்வோர்த், பால் போன்ற அவருடைய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். மிஷன் சூட்டிய அமெரிக்கப் பெயர்களுக்குள் மறைந்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். கலைச்சொல்லை அவர் முதலில் தமிழில் தேடினார். அங்கே கிடைக்காவிட்டால் வடமொழியில். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இணங்க எழுதிக்கொண்டார். நூல்களின் பெயர்களே சாட்சி. அங்காதிபாதம் நம் பழைய வைத்திய மரபில் புழங்கிய சொல். கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேட்டி கட்டியது. தனித்தமிழ் அன்பர்களுக்கு இது கசக்கும். எனக்கு இது நோயாளி காத்திருக்கிறார் என்பதை அறிந்தவரின் அவசரமாகத் தோன்றுகிறது.

இந்த வரிசையில் ‘இரண வைத்தியம்’தான் நான் தொடங்கிய கதைக்கு உரியது. ராபர்ட் ட்ரூயிட் என்ற ஆங்கில மருத்துவர் 1839இல் முதலில் வெளியிட்டு, பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே வந்த அறுவை மருத்துவக் கையேட்டின் தமிழாக்கம் அது. அந்தக் கையேட்டில் நீர்ப்பைக் கல்லுக்கென்று தனிப் பகுதி உண்டு. குளோரோஃபார்ம் கொடுக்கும் முறையும் பிற்காலப் பதிப்புகளில் சேர்ந்தது. குளோரோஃபார்ம் விளையாட்டுப் பொருளன்று. அது அறிமுகமான மூன்றாம் மாதமே, 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி கால் நகம் ஒன்றை எடுப்பதற்காக அதை முகர்ந்து இறந்துபோனாள். மூச்சைக் கவனி, நாடியைக் கவனி, சுத்தமான காற்றையும் கலந்து கொடு, அளவு மிஞ்சாதே என்பவை உயிரைக் காக்கும் கட்டளைகள். இவற்றை யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் பணிசெய்யப் போகிற இருபது வயது இளைஞன் ஐயத்துக்கு இடமின்றிப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாமல் மனப்பாடம் செய்தால் ஓர் உயிர் போகும்.

நோயாளியிடமிருந்து விவரம் வாங்குவதும் மொழியால்தான். வலியைக் காட்டக் கருவி எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நோயாளி சொல்வதுதான் சான்று. நாம் வலிக்கிறது என்கிறோம். யாழ்ப்பாணத்தில் நோகிறது என்பார்கள். குத்தல் வேறு, கடுப்பு வேறு, உளைச்சல் வேறு, எரிச்சல் வேறு. கல் குழாயில் இறங்கும்போது விட்டுவிட்டு இழுக்கும் வலியையும், நீர்ப்பையில் தங்கியபின் சிறுநீர் கழிக்கும்போது வரும் கடுப்பையும் எந்தக் கிழவியும் பிரித்துச் சொல்லிவிடுவாள். அதைக் கேட்டு நோயைக் கணிப்பவன் அந்தச் சொற்களுக்குள் பிறந்தவனாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிறீன் தம் மாணவர்களிடம் கண்ட பெருஞ்செல்வம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வலி நீங்கியது கல்லுக்கான அறுவையை எப்படி மாற்றியது என்பதற்கு அவர் ஊர்ப்பக்கத்திலிருந்தே இன்னொரு சான்று கிடைக்கிறது. 1846இல் ஈதர் கொடுக்கப்பட்டபோது பாஸ்டனில் அதைப் பற்றி முதல் மருத்துவக் கட்டுரை எழுதி உலகுக்கு அறிவித்தவர் ஹென்றி ஜேக்கப் பிக்லோ என்ற இளம் அறுவை மருத்துவர். அதே பிக்லோ 1878இல், நீர்ப்பையைக் கத்தியால் திறக்காமல் சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கி, துகள்களை ஒரே அமர்வில் உறிஞ்சி வெளியேற்றும் முறையைக் கண்டறிந்தார். அதற்கு முன்பும் கல்லை உள்ளேயே நொறுக்கினார்கள். ஆனால் வலி தாங்காமல் சில நிமிடங்களில் நிறுத்திவிட்டு, மீதியை இன்னொரு நாள் என்று பல தடவை செய்தார்கள். நோயாளி உறங்கினால் மருத்துவர் ஒரு மணி நேரம்கூட நிதானமாக வேலை செய்யலாம். இந்தூரில் கீகன், வடமேற்கு மாகாணத்தில் ஃபிரேயர் போன்றவர்கள் இந்தியாவில் இம்முறையைப் பெருவாரியாகக் கையாண்டார்கள். நாவலூரில் என் கல்லைப் பொடித்த லேசர் கருவியும் அந்த வழியில் வந்த பேரக்குழந்தைதான். வேறுபாடு, கிறீன் காலத்தில் முழு உடலையும் உறங்க வைக்க வேண்டியிருந்தது. 1898இல் ஜெர்மனியின் அகஸ்ட் பியர் முதுகுத் தண்டில் மருந்து செலுத்திக் காட்டியபின், உடலின் பாதியை மட்டும் மரக்கச் செய்ய முடிந்தது.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கியிருந்தார். அவர்களில் பலர் தமிழில் பயின்றவர்கள். திரும்பவும் வரவில்லை. ஆனால் வூஸ்டர் பண்ணை வீட்டில், பனி பெய்யும் ஊரில், ஒரு தமிழர்கூட அருகில் இல்லாமல் மேலும் பத்தாண்டுகள் தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். கப்பலில் வந்த தாள்களுக்குக் கப்பலில் விடை போயிற்று. 1883இல் ‘மனுஷ சுகரணம்’. 1884இல் ‘இந்து பதார்த்த சாரம்’. அந்த ஆண்டு மே 28ஆம் நாள் இறந்தார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதைத் தம் கல்லறைக் கல்லில் பொறிக்கச் சொல்லியிருந்தார், அவ்வாறே பொறித்தார்கள். அண்ணனின் வாரிசுகள் பின்னர் அந்தப் பண்ணை நிலத்தை நகரத்துக்கு வழங்கினார்கள். இன்று அது பூங்கா. அங்கே நடைபயிலும் வூஸ்டர் மக்களில் எத்தனை பேருக்கு, அந்த மேட்டில் இருந்த வீட்டில் ஒருவர் தமிழில் குளோரோஃபார்மையும் நரம்பையும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது தெரியும்?

மானிப்பாயில் தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. நூல்கள் பழசாயின. மருத்துவம் வளர்ந்த வேகத்துக்குத் திருத்தி அச்சிட ஆளும் பணமும் இல்லை. மொழிபெயர்ப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் முதலீடு அன்று. ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு கேட்கும் கட்டடம். கிறீன் ஒற்றை ஆளாக அந்தச் செலவைத் தம் வாழ்நாளால் கட்டினார். அவருக்குப் பின் கட்டுவதற்கு எந்த அரசும் முன்வரவில்லை.

இப்போது மருத்துவக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2022இல் இந்தியில் பாடநூல்களை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் பொறியியலைத் தமிழில் பயிற்றும் முயற்சி 2010இல் தொடங்கி, மாணவர் சேராத சிக்கலைத் தொடர்ந்து சந்தித்து வருகிறது. என் கருத்தைக் கேட்டால், பட்டப்படிப்பின் மொழி பற்றிய சண்டையில் கிறீனை இரு தரப்பும் தவறாகவே பயன்படுத்துவார்கள் என்பேன். அவர் 1864இல் எதிர்கொண்ட சந்தை இன்றும் மாறவில்லை. ஆங்கிலம் விற்கும், தமிழ் விற்காது. அதை அறிவுரையால் மாற்ற முடியாது. ஆனால் கட்டிலருகே நடக்கும் உரையாடலுக்குச் சந்தை எதுவும் தடையில்லை. ஒப்புதல் என்பது புரிந்தபின் தருவது. புரியாத தாளில் வாங்கிய கையெழுத்து மருத்துவமனைக்குக் காப்பீடு. நோயாளிக்கு அது எதுவுமில்லை. மயக்க மருத்துவர் அறுவைக்கு முந்தின நாள் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஊசி எங்கே போடப்படும், எவ்வளவு நேரம் மரத்திருக்கும், பிறகு தலைவலி வரக்கூடும், கால் அசைவு எப்போது திரும்பும், அறுவை முடிந்தபின் வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்று நோயாளியின் பேச்சில் சொல்வதற்கு, மருத்துவத்தைத் தமிழில் படித்திருக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டும் என்ற எண்ணமும், சொல்வதற்கென்று பழகிய சொற்களும் போதும். அந்தப் பழக்கத்தை நம் மருத்துவக் கல்லூரிகளில் தேர்வு வைத்துக் கற்பிக்கலாம். கிறீன் தம் காலத்தில் செய்ததில் நம்மால் இன்று செய்யக்கூடிய பகுதி இது.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது, அங்கே ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வைத்திருந்தார்கள். மகிழ்ந்து வாங்கிப் பார்த்தேன். தண்டுவட உணர்வகற்றல் செயல்முறையின் இடர்கள் என்று தொடங்கியது. இரண்டாம் வரியில் நானே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தை வரிக்கு வரி தமிழ் எழுத்தாக்கியிருந்தார்கள். எந்த நோயாளியை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது விளங்கவில்லை.

வெளியே வரும்போது அந்தக் காவலரைப் பற்றிச் செவிலியரிடம் விசாரித்தேன். அவருக்கு நினைவிருந்தது. மறுநாள் காலை கட்டைவிரலை அசைத்துக் காட்டிவிட்டுத்தான் காப்பி வாங்கிக் குடித்தாராம். அதன்பின் தம் ஊர்க்காரர் ஒருவரைக் கல்லுக்காக அழைத்து வந்திருக்கிறார். வாசலிலேயே அவருக்கு மரத்துப்போகிற ஊசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாராம்.